பேத்தைக்குப் போட்ட படிகாரம்

என் வேலையே உப்போடு சண்டை போடுவதுதான். ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனிகளின் கழிவுநீர் வந்து சேருகிற சுத்திகரிப்பு நிலையத்தில், லேப்பில் இருக்கிறேன். வருகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பார்த்து, இரண்டையும் குறைக்க வழி எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவள் வீட்டில் தொட்டி நிறைய நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு அதில் உப்பைக் கொட்டினால், கட்டியவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

எல்லாம் ஒரு மீனால் வந்தது. சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் இரண்டு பேத்தை மீன்கள் வாங்கினேன். கட்டைவிரல் நீளம், பச்சை முதுகில் கறுப்புப் புள்ளிகள், பால் மாதிரி வெள்ளை வயிறு. சாதாரணத் தண்ணீரே போதும் என்றார் கடைக்காரர். நம்பினேன். மூன்றாம் வாரம் ஒன்று செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். ஆறு கடலில் கலக்கிற இடத்து மீன் இது, வளர வளர உப்பு கேட்கும். வாங்குவதற்கு முன்னால் படிக்காத என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மற்றதைச் சாக விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மூன்றடித் தொட்டி வாங்கினோம். கணவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். ஊர் முழுக்க அவருக்கு தோஸ்துகள்.

"உப்பு தானே? தோல் மண்டில ஒருத்தர் மூட்டையாவே தர்றேன்றாரு. நம்ம ஊர்ல உப்புக்கா பஞ்சம்?"

"மாட்டுத் தோல்லேர்ந்து உதறுன உப்ப என் மீனுக்குப் போடணுமா?" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பை வரவழைத்தேன். அளந்து கரைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதினேன். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்கிறவரை ஒரு மாதத்துக்கு மேல் மீனில்லாமலே தொட்டியை ஓட்டினேன். அதுவரை பேத்தை சின்னத் தொட்டியில், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு ஏற்றிக்கொண்டு, என்னை முறைத்தபடி காத்திருந்தது. பெரிய தொட்டிக்கு மாற்றிய அன்று அது ஒரு நத்தையை ஓட்டோடு கடித்து நொறுக்கிய சத்தம் ஹாலில் கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

"தொட்டி மொட்டையா இருக்குது" என்று கணவர் ஒரு மரத்துண்டு கொண்டுவந்தார். தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்கள் இங்கே ஆளைவிட உயரமானவை, மரத்தால் ஆனவை. பழையதாகிப் பிரித்தால் அந்த மரத்தை யாரும் வீணாக்குவதில்லை. பெஞ்சாகும், கதவாகும். அப்படிப் பிரித்த டிரம்மின் துண்டு அது. தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்றிருந்தது. ஒரு வாரம் வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார். இத்தனை பாடுபட்டவரிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் தொட்டியில் இறக்கினேன். உப்பில் உஷாராக இருந்தவள் மரத்தில் கோட்டை விட்டேன்.

மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த நிறம் எனக்குப் பழக்கம். மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்துகிற இடத்துத் தண்ணீர் லேப்புக்கு அப்படித்தான் வரும். கை தானாகவே வேலையை ஆரம்பித்தது. சமையல் மேடையில் ஆறு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து, தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கலக்கினேன். நான்காவது டம்ளர் தெளிந்தது. அந்தக் கணக்கிலேயே தொட்டிக்கும் போட்டேன். அழுக்கு பஞ்சுபோல் திரண்டு அடியில் படிந்தது. தண்ணீர் பளிச்சென்று ஆனது.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பழுப்பு. மறுபடியும் படிகாரம். அதற்கடுத்த நாள் பேத்தை மூலையில் ஒண்டிக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. போட்ட நத்தை அப்படியே கிடந்தது. வயிறு சாம்பலாகி, கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மீன் வேதனைப்பட்டால் வயிறு கறுக்கும். பயந்துபோனேன். படிகாரம் தண்ணீரில் அமிலத்தைக் கூட்டும், அதை ஈடுகட்ட நிலையத்தில் நாங்கள் சுண்ணாம்பு சேர்ப்போம். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கட்டைய எடுத்துட்டா போதாதா?"

முதலில் கோபம்தான் வந்தது. லேப்பில் இருப்பது நானா, அவரா? பிறகு சுருக்கென்றது. எங்கள் நிலையத்துக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது. எந்த டிரம்மிலிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை, கேட்டாலும் அதை நிறுத்துவது என் கையில் இல்லை. வந்ததைத் தெளிய வைத்து அனுப்புவதோடு சரி. இத்தனை வருஷம் அதையே செய்து, என் வீட்டுத் தொட்டியில், கை எட்டுகிற தூரத்தில் கட்டை கிடக்கும்போதும் தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்பை மடித்து வைத்தேன். கட்டையைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டேன். வீட்டிலிருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மில் அதே அளவு உப்போடு புதுத் தண்ணீர் கரைத்து வைத்தேன். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பழையதை எடுத்துப் புதியதை விட்டேன். அடியில் படிந்ததை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்தேன். மிச்ச நிறத்துக்கு ஃபில்டரில் கரி போட்டேன். சூப்பர்வைசருக்கு போன் செய்து, வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. "பேஜாரா போச்சு, எல்லாம் நான் கொண்டாந்த கட்டையால" என்று கணவர் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் சுமந்தார். நான் அவரைத் திட்டவில்லை. படிகாரம் போட்டது நான்தானே.

நான்காம் நாள் காலை சமையலறையில் இருந்தபோது ஹாலிலிருந்து 'கடக்' என்று சத்தம் கேட்டது. ஓடினேன். நத்தை ஓடு இரண்டாகக் கிடந்தது. பேத்தை கண்ணாடிக்கு அருகில் வந்து என்னைப் பார்த்தது. வயிறு பழையபடி வெள்ளை. கரண்டியும் கையுமாக நின்று அழுதேன்.

அன்றைக்கே வேலைக்குப் போனேன். மேசையில் பழுப்புத் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாகக் காத்திருந்தன. சூப்பர்வைசர் வந்தார்.

"ஒடம்பு தேவலையாம்மா? இன்னாவாம்?"

"தேவலைங்க சார். தண்ணி ஒத்துக்கல."

அவர் தலையை ஆட்டினார். யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை.