பூச்சடைக்குப் பின்னால் நின்றது

"ஏட்டி, கல்யாண வீடியோவப் பாத்தமா, பொண்ணு நல்லாருக்கான்னு சொன்னமான்னு இல்லாம, 'ஆச்சி ஏன் பின்னாலயே நிக்கி'ன்னு கேக்கியே, உனக்கு வேற சோலி இல்லையா?"

திட்டிப் பார்த்தேன். நீ நகர்வதாகத் தெரியவில்லை. சரி, உட்கார். கல்யாணப் பொண்ணான என் பேத்திக்கு இப்போது தோளுக்குக் கீழே முடி வந்துவிட்டது. யார் கேட்டாலும் சொல்லிக்கொள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் அவளுக்கு டெங்கு வந்தது. தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். காய்ச்சல் போய்ச் சில வாரம் கழித்து முடியும் கிளம்பியது. சீப்பை வைத்தால் கொத்தாக வரும். கடைசியில் மனசு வெறுத்துப்போய்க் கழுத்தளவு வெட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்குத் தெரியும், போனில் காட்டியிருக்கிறாள். எனக்கும் முன்னந்தலையில் கொட்டுகிறது, ஜோடிப் பொருத்தம் என்றானாம். அவன் வீட்டாருக்குத் தெரியாது. நிச்சயத்தன்று இடுப்பு வரை சடையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் மாமியாரிடம் நானே சொல்லிக்கொள்வேன், ஊரே பார்க்கிற மேடையில் மட்டும் தெரியக்கூடாது என்பாள் பேத்தி. அவள் கேட்டது அவ்வளவுதான்.

எங்களில் மணப்பெண்ணின் தலைக்குப் பூ மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரவேண்டும். மாட்டுங்காப் பூக்கடையில் சொல்லிவைத்து ஒரு முழுப் பூச்சடை செய்து அனுப்பியிருந்தார்கள். துணியில் மல்லிகை மொட்டை நெருக்கித் தைத்து, நடுவில் ரோஜாவும் ஓரத்தில் மரிக்கொழுந்துமாக, இடுப்பைத் தாண்டித் தொங்கும். விடியும்போதே செம்பூர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. ஐப்பசி மாதத்துப் பம்பாய் வெயில் உனக்குத் தெரியும். பூ வாடிவிடுமே என்று என் மகள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்தாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பூவைக் கண்டால் கை சும்மா இருக்காது. உள்ளே இருந்த துணி அத்தனையையும் குடித்தது. நான் தூக்கிப் பார்த்தபோது, கொடியிலிருந்து ஈரப் போர்வையை இறக்கியது போல இருந்தது.

அலங்காரத்துக்கு வந்த மராத்திப் பெண் இருக்கிற முடியை ஒரு குடுமியாகச் சேர்த்து, அதில் சவுரியை வைத்து, ஊசி மேல் ஊசி குத்திப் பூச்சடையைக் கட்டினாள். கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஆஜி, பஹுத் பாரி ஹை" என்றாள். பாரம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. பேத்தி தலையை அசைக்கப் பயந்து கண்ணை மட்டும் திருப்பினாள்.

"ஆச்சி, முடிச்சுப் போட நாத்தனார் சடையத் தூக்குவால்ல? கையோட வந்துட்டுன்னா நான் எந்திரிச்சு மண்டபத்த விட்டே போயிருவேன்."

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் அவன் அக்கா பின்னால் நின்று சடையைத் தூக்கிப் போடவேண்டும். அந்த அக்காவோ தினமும் டிராம்பே பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவள். ஒன்றைப் பிடித்தால் அந்தக் கை லேசில் விடாது.

"நீ முன்னால பாரு. பின்னால நடக்கது என் பாடு" என்றேன்.

மேளம் வேகம் எடுக்கும்போது நான் மேடையேறி, பேத்திக்குப் பின்னால் நின்று, சடைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. முதல் முடிச்சு விழுந்தது. அக்காக்காரி குனிந்தாள்.

"விடுங்க ஆச்சி, நான் தூக்கிக்கிடுதேன்."

"அது ஆகாதும்மா. எங்க குடும்பத்துல சடைய ஆச்சிதான் பிடிக்கணும். நீ முடிச்சப் போடு."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. அவளுக்குச் சந்தேகம். நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். நானும் அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். சம்பந்தி நல்ல மனுஷி, ஆனால் ஒரு வழக்கம் தனக்குத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமா, பழைய ஆளுக அப்படித்தான் பிடிப்பாக. இப்பம் யாரு இதெல்லாம் பாக்கா. நீ ஆச்சி கையில படாமப் போடு."

இரண்டு முடிச்சும் விழுந்தன. பேத்தியின் தோள் மெல்ல இறங்கியதை என் கை உணர்ந்தது. பிடித்தவளால் விடமுடியுமா? மணவறையைச் சுற்றி வந்தபோதும் சடையைத் தூக்கிக்கொண்டே பின்னால் நடந்தேன். போட்டோக்காரன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். வழக்கம் தெரியாமல் பேசாதே என்று சம்பந்தியே அவனை அதட்டினாள். அதனால்தான் வீடியோ முழுக்க நான் இருக்கிறேன்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக் கையை எடுத்தேன். பூச்சடை, சவுரி, ஊசி எல்லாம் ஒன்றாக வழுக்கி என் மடியில் விழுந்தன. பேத்தி வெறும் பிடரியைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். என் மகள் சொம்போடு உள்ளே வந்தாள், பூ வாடுகிறதாம்.

மறுநாள் சொன்னபடியே மாமியாரிடம் சொன்னாள். சாயங்காலம் அந்த அம்மா கடைக்குப் போய்க் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாங்கி வந்தாளாம். சடை பிடிக்கிற வழக்கத்தைப் பற்றி நானும் அவளும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

எங்கள் சந்துப் பெண்கள் விடுவார்களா? இது என்ன வழக்கம் என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சூழ்ந்துகொண்டார்கள். ஆச்சி தாங்கிய சடை ஆயுசுக்கும் தாழாது என்று சொன்னேன். எதிர்வீட்டுக்காரி மகளுக்குத் தையில் கல்யாணம். எங்கள் வீட்டில் ஆச்சி இல்லையே, நீங்கள் வந்து பிடிப்பீர்களா என்று கேட்டாள். வருகிறேன், ஆனால் பிடிக்கிறவளுக்கு ஒரு புதுச் சேலை எடுப்பதும் வழக்கத்தில் உண்டு என்றேன். என்ன கலர் என்று கேட்டாள். கலரைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை, மாம்பழக் கலர் மட்டும் என்னிடம் இல்லை என்று சொல்லிவைத்தேன்.