சக்கரத்துக்கு வைத்த எண்ணெய்

எங்கள் வீட்டுத் தையல் மெஷின் கத்த ஆரம்பித்தது அண்ணன் செத்துப்போன பிறகுதான். அதற்கு முன்னால் அது இருக்கிற இடமே தெரியாது. அம்மா வாரம் தவறாமல் எண்ணெய் விடுவாள். சின்னாளப்பட்டிக்குச் சுங்குடிச் சேலை எடுக்க வருகிறவர்கள் அப்படியே எங்கள் வீட்டில் கொடுத்து, ஓரம் அடித்து, ஃபால்ஸ் வைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். தைத்துக்கொண்டே அவர்களிடம் ஊர்க்கதை பேசலாம், குரலை உயர்த்தவே வேண்டாம் என்பதில் அம்மாவுக்குப் பெருமை.

காரியமெல்லாம் முடிந்து மறுபடி தைக்க உட்கார்ந்த பிறகு, அவள் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. மிதிக்க மிதிக்க மெஷின் கிரீச் கிரீச் என்று அலறியது. அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு நாள் காலையில் அவள் காபி போட உள்ளே போன நேரம் பார்த்து எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். எப்படித்தான் தெரிந்ததோ, வந்து கையிலிருந்து பிடுங்கினாள்.

“அதத் தொடாத.”

“சத்தம் மண்டையப் பொளக்குதும்மா. தெருவே திரும்பிப் பாக்குது.”

“பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்.”

பாட்டிலைக் கொண்டுபோய்ப் பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் போட்டாள். இறங்கி வந்து கையை முந்தானையில் துடைத்தாள். பாட்டிலின் மூடியை யாரும் திறக்கவே இல்லை, அவள் கையில் எண்ணெயே இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அண்ணனைக் கொன்றது தான் வைத்த எண்ணெய் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு லாங்போர்டு வாங்கி வந்திருந்தான். சிறுபிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேட்டிங் பலகையைவிட நீளம். ரப்பர் மாதிரி நான்கு தடித்த சக்கரங்கள். பிரேக் கிடையாது. மலைச்சாலையில் மேலிருந்து அதன்மேல் நின்றபடியே இறங்குவார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சறுக்க வேண்டும். ஓடுகிற பலகையைச் சாலைக்குக் குறுக்கே திருப்பிவிட்டால், சக்கரம் உருளாமல் தாரில் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்ப்பில் வேகம் அடங்கும். இந்த வித்தை தெரியாமல் மலையில் இறங்குவதும் பாழுங்கிணற்றில் குதிப்பதும் ஒன்றுதான்.

அம்மாவுக்கு அது வண்டி. சக்கரம் இருந்தால் வண்டிதானே.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் சக்கரம் உள்ள எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது. தையல் மெஷின், அப்பா மில் பஸ் பிடிக்கப் போகிற சைக்கிள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பாள். அந்த வருஷம் அண்ணன் லீவுக்கு வந்திருந்ததால் அவன் பலகையும் வரிசையில் சேர்ந்தது. உள்ளே பேரிங்குக்கு ஒரு சொட்டு விட்டிருந்தால் தப்பில்லை. அம்மா மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து, தாரில் படுகிற வெளிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் பட்ட சக்கரம் வழுக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அண்ணன் கட்டிலில் கிடந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். அண்ணன் தானாக எழுந்து போகிறவன் இல்லை. எதையும் நேரத்தோடு செய்து அவனுக்குப் பழக்கமே கிடையாது. பஸ் கிளம்பிய பிறகுதான் செருப்பைத் தேடுவான். கேட்டால், “இப்ப என்னடி அவசரம்?” என்பான். அது அவன் வாயில் ஊறிப்போன பேச்சு. அன்று அம்மாதான் விடியும் முன்னே எழுப்பிவிட்டாள். “எந்திரி அப்பு, வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துரு.”

சிறுமலை ரோட்டில், நேராக நீண்டு இறங்குகிற ஒரு இறக்கத்தின் கடைசி வளைவில் விழுந்தான். அன்றைக்கு அவன் போட்ட முதல் சறுக்கே அதுதான். பின்னால் பைக்கில் வந்த அவன் சிநேகிதர், எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னார். “சறுக்குப் போட்டாம்மா. போட்டான். சக்கரம் பிடிக்கவே இல்லம்மா, வழுக்கிட்டே போயிருச்சு.” அவருக்கு எண்ணெய் விஷயம் தெரியாது. அம்மா அழவில்லை. மெல்லத் திரும்பித் தையல் மெஷினைப் பார்த்தாள். இந்த நேரத்தில் எதற்கு மெஷினைப் பார்க்கிறாள் என்று எனக்கு அன்று பிடிபடவில்லை.

‘எண்ணெயினால இல்லம்மா’ என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் பொய் சொன்னால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும், அம்மாவிடம் செல்லாது. உண்மையாகவே தெரிந்தால்தான் சொல்ல முடியும். தெரிய வேண்டுமானால் அதே சக்கரத்தில் அதே எண்ணெயைத் தடவிச் சறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எனக்குச் சறுக்கத் தெரிய வேண்டும். பைத்தியக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

பலகை அந்தச் சிநேகிதரின் வீட்டில் இருந்தது. அம்மா கண்ணில் படக் கூடாது என்று அப்பா கொடுத்துவிட்டிருந்தார். நான் போய்க் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“வேணாம் பாப்பா. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்.”

“நீங்க குடுக்கலன்னா வேற வாங்கி ஓட்டுவேண்ணே. யாரும் கூட இல்லாம ஓட்டுவேன்.”

கொடுத்தார். கூடவே வரவும் செய்தார். என் வாய்க்குப் பயந்துதான்.

எங்கள் பக்கம் எல்லாம் தட்டையான பூமி. மலை கண்ணெதிரே தெரியும், ஆனால் அங்கே போக எனக்குத் தைரியம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு ரயில்வே மேம்பாலம் கட்டி முடித்து, மறுபக்கத்து ரோடு வந்து சேராததால் திறக்காமல் கிடந்தது. அடிவாரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருப்பார்கள். அண்ணன் பழகியதும் அந்தப் பாலத்தில்தான். அம்மாவிடம் வாக்கிங் என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடை வேலைக்குப் போகும் முன் அங்கே போவேன்.

அவன் பழகியதையெல்லாம் வீடியோ எடுத்தது நான். எல்லாம் என் போனில் அப்படியே இருந்தன. சறுக்கக் கற்றுக்கொள்ள அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓட்டும்போது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். “குனி... இன்னும் குனி... கைய வை... வந்த வழியப் பாரு.” அடுத்த நொடி உருண்டு விழுவான். கேமராவுக்குப் பின்னால் நான் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். எந்த வீடியோவை எடுத்தாலும், விழுந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறான்.

பலகையின்மேல் ஒட்டியிருந்த உப்புத்தாள் அவன் பாதம் வைத்த இரண்டு இடங்களில் தேய்ந்திருந்தது. என் கால் சின்னது. எனக்குத் தோதாக வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன். விழுந்தேன். அவன் தேய்த்த இடத்திலேயே வைத்தேன், பலகை பேச்சுக் கேட்டது. செத்துப்போனவன் காலடியில் கால் வைத்து நிற்கிறோம் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கும். நினைக்காமலும் இருக்க முடியாது.

பலகை ஓடும்போதே நன்றாகக் குனிந்து, ஒரு பக்கமாக லேசாக வளைந்து, உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்து, கையைத் தாரில் ஊன்ற வேண்டும். கையுறையின் உள்ளங்கையில் வழவழப்பான பிளாஸ்டிக் வட்டு இருக்கும், கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதே நேரம் காலால் பலகையைக் குறுக்கே தள்ள வேண்டும். பாதி மனசோடு செய்தால் தூக்கி எறிந்துவிடும். எனக்கு வராமல் போனது கண்ணுதான். தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ உடம்பு அந்தப் பக்கம்தான் திரும்பும். அதனால் கையை ஊன்றியதும் போகிற பக்கம் பார்க்கக் கூடாது. தலையைத் திருப்பி, இறங்கி வந்த மேட்டைப் பார்க்க வேண்டும். விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறவள் வந்த வழியை எப்படிப் பார்ப்பாள்? முழங்கால் தோலெல்லாம் அந்தப் பாலத்துக்குத்தான் போனது.

முதல் தடவை சரியாகச் சறுக்கியபோது சக்கரம் அலறியது. வீட்டில் மெஷின் போடுகிற அதே கிரீச். நான் எதிர்பார்க்கவில்லை. பலகை நின்ற பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அம்மா தைக்க உட்கார்ந்ததும் நான் தெருவுக்குப் போய்விட்டேன்.

“அவன மாதிரி கடேசி வரைக்கும் விட்டுட்டுப் போடாத,” என்று சிநேகிதர் சொல்லிக்கொண்டே இருப்பார். “வளைவு வர்றதுக்கு முன்னாடியே சறுக்கி முடிச்சிரணும். வேகம் ஏறிப்போச்சுன்னா, எந்தச் சக்கரமும் பிடிக்காது பாப்பா.”

கையுறையும் அண்ணனுடையதுதான். காய் நறுக்குகிற பிளாஸ்டிக் பலகையை வட்டமாக அறுத்து, வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் உள்ளங்கையில் ஒட்டியிருந்தான். அந்தப் பட்டையைத் தைத்துக் கொடுத்தது அம்மா. என் கையில் தேய்ந்து தேய்ந்து பட்டை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. ஊசி நூலால் நானே கோணல்மாணலாகத் தைத்து, துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மறுநாள் எடுத்தால் என் தையலைப் பிரித்துவிட்டு, மெஷினில் இரட்டைத் தையல் போட்டிருந்தது. அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதற்குப் பிறகு தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. பரணிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்துப் போய், அம்மா துடைத்தது போலவே ஒரு சாயங்காலம் நான்கு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றித் துடைத்து, ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். சிநேகிதரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அன்னிக்கு வாசல்ல நான் சொன்ன வார்த்தையா?” என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் உச்சியிலிருந்து கிளம்பி, கிளம்பிய உடனே சறுக்கினேன். பலகை காலடியில் இருந்ததுதான் தெரியும். அடுத்து நான் தாரில் கிடந்தேன், முழங்கை கிழிந்து ரத்தம் ஓடியது. வலி தெரியவில்லை. எண்ணெய்தான், எண்ணெய்தான் அவனைக் கொன்றது, இதை எந்த வாயால் வீட்டில் போய்ச் சொல்வேன் என்று நடுரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

சிநேகிதர் ஓடிவந்து பலகையைத் தூக்கினார். சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “அழாத பாப்பா. பாதி எண்ணெய் அதுக்குள்ள ரோட்டு மண்ணுல ஒட்டிப் போயிருச்சு. அவன் கெளம்பின எடத்துலயே விழல. எம்புட்டோ தூரம் ஓடி வந்துதான் போட்டான். நீயும் செத்த ஓடவிட்டுப் போடு.”

மறுபடி எண்ணெய் தடவினோம். முதலில் இருந்ததைவிட அதிகமாகவே தடவினேன். உச்சியிலிருந்து சும்மா உருளவிட்டு, பாதி இறக்கம் வந்ததும் கையை ஊன்றித் தள்ளினேன். சக்கரம் தாரைக் கவ்விக்கொண்டு அலறியது. பலகை நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை தடவி இறங்கினேன், அப்புறம் இன்னொரு தடவை. எல்லாத் தடவையும் நின்றது. சிறுமலையில் அவன் இறங்கிய இறக்கத்தில் இந்தப் பாலம் கால்வாசிகூட வராது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

“எண்ணெயினால இல்லம்மா,” என்றேன். “நானே தடவிப் பாத்துட்டேன். கொஞ்ச தூரம் ஓடுனா ரோடே எல்லாத்தையும் தொடச்சிருது.”

மெஷின் நின்றது.

“எம்புட்டு தூரம்?”

“நம்ம வாசல்ல இருந்து ரேஷன் கடை வரைக்கும். அம்புட்டுத்தான்.”

“அவன் விழுந்தது?”

“அதவிட ரொம்பத் தள்ளிம்மா. ரொம்பத் தள்ளி.”

அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். இத்தனை நாள் தோலைக் கொடுத்தது அந்த முகத்துக்காகத்தான். அவள் ஊசிக்கு அடியில் இருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எம்புள்ள ஏன் விழுந்தான்?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் இருந்தவரை அவளிடம் ஒரு பதில் இருந்தது. கொடுமையான பதில்தான், ஆனாலும் பதில். அதை நான் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நின்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“லேட்டாப் போட்டாம்மா. வளைவுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். எப்பவும் கடேசியிலதான் போடுவான். வீடியோ பூராவும் அப்படித்தான்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பொறக்கையிலயே அப்படித்தான்,” என்றாள். “நாள் தாண்டிப் போச்சு, வெளிய வரவே இல்ல. வீட்டுக்குப் போயிட்டு வலி எடுத்தா வாங்கன்னு ஆஸ்பத்திரியில அனுப்பிவிட்டுட்டாக.”

சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது. ஊரார் சேலை நனைந்துவிடக் கூடாது என்று அதை ஒரு கையால் ஒதுக்கி வைத்துவிட்டு அழுதாள். நான் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு என்னிடம் எண்ணெய் பாட்டிலைக் கேட்டாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, வெட்டுத்துணி ஒன்றை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். எண்ணெய் விட்டதும் நல்ல துணியை வைக்க மாட்டாள், கறை பட்டுவிடும். கழிவுத் துணியில் கறை வராமல் போகும்வரை ஓட்டிவிட்டுத்தான் தைப்பாள்.

“அவன் வண்டியையும் இப்படி ஓட்டித்தான் குடுத்திருக்கணும்,” என்றாள்.

“ரோடு அதச் செஞ்சிருச்சும்மா.”

துணியில் கறை நின்றுபோன பிறகும் அவள் நெடுநேரம் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது வீட்டில் அந்தச் சத்தம் இல்லை. பாலத்தில் சோதித்துப் பார்க்கவும் ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் காலையில் அங்கே போகிறேன், அம்மாவிடம் சொல்லிவிட்டே போகிறேன். “சீக்கிரமாப் போடு,” என்பாள். வேறெதுவும் சொல்ல மாட்டாள். சீக்கிரமாகத்தான் போடுகிறேன், தேவைக்கு ரொம்ப முன்னாலேயே. குனிந்து கையைத் தாரில் ஊன்றுகிற நேரத்தில், சக்கரத்தின் அலறலுக்கு நடுவே, ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. “இப்ப என்னடி அவசரம்?”

சறுக்கும்போது வந்த வழியைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கிறேன். மேடு காலியாகத்தான் இருக்கிறது.