நான் போட்ட ஒரு மணி நேரத் தேர்வு

எங்கள் பிழைப்பு தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதுவது. மண்ணூர்பேட்டையில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் அலுவலகம். போன வருடம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில் நான் எப்படித் தப்பினேன் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து முதலாளி கூப்பிட்டாலே, இன்று என் முறை என்றுதான் தோன்றும்.

இந்த வருடம் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "ஆளாளுக்கு இண்டர்வியூ வெச்சிகினு இருக்க முடியாதுப்பா. ஒரு மணி நேரத்துல வடிகட்டுற மாதிரி டெஸ்ட் ஒண்ணு போடு. நீதான சீனியரு" என்றார் முதலாளி. அந்த 'சீனியரு' எனக்குப் பிடிக்கவில்லை; வயதானவன், அடுத்து அனுப்ப வேண்டியவன் என்பது போலக் கேட்டது.

நல்ல கேள்வியாகத்தான் போட்டேன். தொழிலாளி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் தரப்படும். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று நிரல் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும். விடைகளைக் கையால் போட்டுப் பார்க்கச் சோம்பல். நானே ஒரு நிரல் எழுதி, அதை ஓட்டி, வந்ததையெல்லாம் சரியான விடை என்று ஏற்றிவிட்டேன். எங்கள் வழக்கப்படி, கேள்வி போட்டவனே முதலில் தேர்வை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினேன். நூற்றுக்கு நூறு. வராமல் எங்கே போகும்?

முப்பது பேர் எழுதினார்கள், இருவர் தேறினார்கள். மற்றவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று, சரியான விடைகளின் பட்டியலோடு, மின்னஞ்சல் தானாகவே போனது. "சூப்பர் டெஸ்ட்டுப்பா" என்று முதலாளி தோளில் தட்டினார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். தேறாதவர்களில் ஒருவர். குழந்தைக்காக நான்கு வருடம் வேலையை விட்டிருந்தவர்.

"சார், எங்க வீட்டுக்காரர் திருமழிசையில நைட் ஷிப்ட் போறவரு. ராத்திரி பத்து மணிக்கு உள்ள போனா காலையில ஆறுக்குத்தான் வெளிய வருவாரு. அந்த மாதிரி வர்ற எடத்துல நான் எட்டு மணி நேரம்னு போட்டேன். உங்க விடையில பூஜ்யம்னு காட்டுது சார்."

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டுப் பார்த்தேன். வெளியே போன நேரம் உள்ளே வந்த நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் என் நிரல் பூஜ்யம் போட்டிருந்தது. ராப்பகலாகத் தொழிற்சாலைகள் ஓடும் அம்பத்தூர் எஸ்டேட் ஓரம் உட்கார்ந்துகொண்டு நைட் ஷிப்ட்டை மறந்திருக்கிறேன்! விடைகளைத் திருத்தி மறுபடி மதிப்பெண் போட்டேன். ஒன்பது பேர் தேறினார்கள். அந்தப் பெண்ணுக்குத்தான் முதலிடம். முன்பு தேறிய இருவரும் இந்த ஒன்பதில் இல்லை; அவர்கள் என்னைப் போலவே தப்புச் செய்தவர்கள்.

ஒன்பது பேருக்கும் அழைப்பு அனுப்ப ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் எந்தக் கடிதம் போனாலும் முதலாளிக்கு நகல் போகும். ஏன் என்று கேட்பார். சொன்னால், அடுத்து வீட்டுக்குப் போகிறவன் நான்தான். எது நியாயம் என்று தெரியாமல் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். அவர் அறைக் கதவு வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன்.

மாலையில் என் சொந்தப் போனிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: இடம் நிரம்பிவிட்டது, மன்னிக்கவும்.

உடனே பதில் வந்தது. "பரவால்ல சார். நாலு வருஷம் கேப்பு, எல்லாம் மறந்துபோச்சோன்னு பயமா இருக்கு. என் விடை சரியா தப்பான்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

மூன்று மாதமாகிறது. தேறிய இருவரும் என் பக்கத்து மேசைகளில் வேலை பார்க்கிறார்கள். அந்தச் செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.