அக்கா இறக்கிய கண்ணாடி

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், "உங்க அக்கா செஞ்ச காரு எந்த ரோட்ல ஓடுது?" என்று என்னைக் கேட்டவர்கள்தாம். அவர் இருந்தவரை மழுப்பிவந்தேன். இன்று பதில் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது புத்தூரில். நைனாவின் வேலையால் வளர்ந்தது சித்தூரில். சிறுவயதில் திருப்பதிக்கு வாடகைக் காரில் போகும்போது, கதவோரம் உட்கார்ந்தாலும் அவர் உயரத்துக்கு வானம்தான் தெரியும்.

"நைனா, மலை தெர்ல."

"வந்துக்கினே கீது கண்ணு."

நைனா தூக்கி மடியில் வைத்த பிறகுதான் ஏழு மலையும் தெரியும். அந்த மலைகள் தூக்கத்தில்கூடத் தன்னோடு வருவதாக அக்கா சொல்வார்.

கார் வடிவமைக்கும் வேலைக்கு அவர் சென்னை போனபோது, கோலம் போடும் கைக்கு கார் எதற்கு என்றவர்கள் வெளியிலும் இருந்தார்கள், வீட்டிலும் இருந்தார்கள். பல வருடம் பிறர் வரைந்ததைத் திருத்தினார். பிறகு கண்காட்சிக்காக ஒரு செடான் காரை அவர் பொறுப்பில் விட்டார்கள். கான்செப்ட் கார் என்பார்கள். விற்பதற்கல்ல, இப்படியும் செய்யலாம் என்று காட்டுவதற்கு; வரவேற்பு இருந்தால் பிறகு தயாரிப்பதும் உண்டு. அப்போதெல்லாம் சன்னலின் கீழ்விளிம்பு பின்னால் போகப் போக மேலே ஏறுவதுதான் அழகு. அக்கா அதைப் பின்கதவில் கீழே இறக்கினார். "தூக்கிவிட ஆள் இல்லன்னாலும் கொழந்தைக்கு வெளிய தெரியணும்டா" என்றார்.

காரைக் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுவா, பூஜை போடலாம் என்றார் அம்மா.

"அதுல இஞ்சினே இல்லம்மா. நவுராது."

கண்காட்சி முடிந்ததும் காரைத் துணியால் மூடி ஒரு கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். அதைத் தயாரிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து ஒடுங்கிப்போனார். "ஒரே ஒரு தடவ அது ரோட்ல போறத பாக்கணும்மா" என்று அழுதார்.

"மூலவர் எங்கனா வெளிய வருவாரா? உற்சவர்தான் வீதிக்கு வருவாரு. இரு" என்றார் அம்மா. அழுதுகொண்டே அக்கா சிரித்துவிட்டார்.

சில வருடங்களில் அந்த இறங்கிய விளிம்பு வேறு கார்களில் வரத் தொடங்கியது. முதலில் அவர் கம்பெனியின் சிறிய காரில், பிறகு மற்றவர்களுடையதிலும். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அலிபிரியில் மலையேறக் காத்திருக்கும் வண்டிகளைக் காட்டி, "தோ பாரு, உற்சவர்" என்பார் அம்மா. "அது என்னுது இல்லம்மா, சாயல்தான்" என்பார் அக்கா. அவருக்கு மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும்.

நோய் முற்றி, வேலூர் மருத்துவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொன்னபோது, நாங்கள் புத்தூருக்கே திரும்பியிருந்தோம்; சித்தி மகன் தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் என் மடியில் தலைவைத்து அக்கா கண்மூடிப் படுத்திருந்தார். சந்திரகிரி தாண்டியதும் கண்திறந்தார். இளவெயிலில் மலைகள் கண்ணாடி வழியே மெல்ல மிதந்து போயின. தூக்கி உட்காரவைக்கக் கை கொடுத்தேன்.

"தூக்காதடா. தெரியுது."

கையை நீட்டிப் பின்கதவின் இறங்கிய விளிம்பைத் தடவினார். பிறகு, "இது என்னுதுடா" என்றார்.

சிகிச்சை தந்த மருத்துவர்கள், செவிலியர்கள், அம்மாவைச் சாப்பிடவைத்த பக்கத்து வீட்டார், கார் ஓட்டிவந்த சித்தி மகன் அனைவருக்கும் எங்கள் நன்றி. காரியத்தன்று உங்கள் வண்டிகள் தெருமுனைவரை நின்றன. அம்மா வாசலுக்கு வந்து, ஒவ்வொரு பின்கதவாகப் பார்த்து, கைகூப்பிக் கும்பிட்டார். உங்களைத்தான் கும்பிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். உங்களையும் சேர்த்துத்தான்.