தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் யாரும் ஏறுவதில்லை

தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்துக்கு அரசாங்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. ரோட்டை இரண்டு மடங்கு அகலமாக்கினார்கள். பஸ் மட்டும் போவதற்குச் சிவப்புச் சாயம் அடித்துத் தனிப்பாதை போட்டார்கள். கூரை போட்டார்கள், பளபளவென்று பெஞ்ச் போட்டார்கள், அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று காட்டும் பலகையும் மாட்டினார்கள். அந்தப் பலகை பொய்யே சொல்லாது. நாலு நிமிஷம் என்றால் நாலே நிமிஷத்தில் பஸ் வரும். வந்து, நிற்காமல் போகும்.

உள்ளே மூச்சு விட இடமில்லாதபோது எந்த டிரைவர் நிறுத்துவார்? பின்னால் வருகிறது என்று கையை மட்டும் ஆட்டுவார். பின்னால் வருகிறவரும் அதையே ஆட்டுவார்.

தலைவி அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே நொந்து போனவள். வயது ஐம்பத்திரண்டு. கண் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கத்திகளையும் இடுக்கிகளையும் பெரிய நீராவிப் பெட்டியில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்கிற வேலை. ஏழு மணிக்கு அவள் போய்ப் பெட்டியைப் போட்டால்தான் எட்டு மணிக்கு முதல் ஆபரேஷன். அவள் பத்து நிமிஷம் பிந்தினால், சொட்டு மருந்து விட்ட கண்ணோடு ஒருவர் படுத்திருப்பார், கையுறை போட்ட டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று இரண்டாவதிலேயே அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

தலைவி என்ற பட்டம் தெருக்காரர்கள் கொடுத்தது. போன வருஷம் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். "நம்ம ஸ்டாப்புல நிக்கலேன்னா, நிக்கிற ஸ்டாப்புக்கு நாம போவோம். ரோஷமா இருந்தா இங்கயே நில்லுங்க, உட்கார்ந்து போகணும்னா என் பின்னாடி வாங்க!" என்று சொல்லி, பஸ் வருகிற திசையில் இருபது நிமிஷம் பின்னோக்கி நடத்திக் கூட்டிப் போனாள். அங்கே மேம்பாலத்தடி நிறுத்தம். பஸ் காலியாக வரும், எல்லோருக்கும் ஸீட். அன்று முதல் காலை ஐந்தரைக்கு ஒரு சின்னப் படையே அவள் பின்னால் நடந்தது. போனில் குழு வேறு ஆரம்பித்து, யார் கிளம்பினார், யார் இன்னும் பல் தேய்க்கிறார் என்று தினமும் அதில் ரகளை.

போன மாதம் அவள் முழங்கால் மக்கர் பண்ணியது. எலும்பு டாக்டர் நடையே கூடாது என்று சொல்லிவிட்டார். படை நடந்தது, தலைவி மட்டும் பழைய நிறுத்தத்தில் நின்றாள். நடக்க முடியாத இன்னும் மூன்று பேர் கூட நின்றார்கள். அவள் பழக்கிவிட்ட ஜனமே நிறைந்த பஸ் அவள் மூக்குக்கு முன்னால் போகும். ஜன்னலோரத்திலிருந்து, படையில் ஒருவரான கண்ணாடிக்கடைக்காரர் பல்லைக் காட்டிக் கையாட்டுவார். அந்த இரண்டு கடிதங்களும் அந்த மாதத்தில் வந்தவைதான்.

திங்கட்கிழமை பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். போக்குவரத்து ஆபீஸிலிருந்து கணக்கெடுக்க வந்தவர். மடியில் ஒரு படிவம், கையில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடுகிற சின்ன மிஷின். மூன்று பஸ் நிற்காமல் போயின. மிஷின் வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, எண்ணவே மாட்டேங்கறீங்க? நாலு பேரு நிக்கறோமே?"

"நிக்கறவங்களுக்குக் கட்டம் இல்லம்மா. ஏறினவங்க, இறங்கினவங்க, ரெண்டே கட்டம்தான்."

"நிறுத்தினாத்தானே ஏற முடியும்!"

"அதை எழுதவும் கட்டம் இல்ல." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வேகமா போற புது பஸ் விடப்போறாங்க. இன்னைலேர்ந்து மூணு நாள் காலைக் கணக்கைச் சேர்த்து இருபது பேராவது ஏறாத ஸ்டாப்பை எடுத்துடுவாங்க. உங்களோடது இப்போ பூஜ்யத்துல நிக்குது."

தலைவிக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரித் தட்டில் ஒரு கத்தரி குறைந்தால், காணவில்லை என்று சீட்டில் எழுதித் தேடுவாள். கத்தரி தேவையே இல்லை போலிருக்கிறது என்று எழுதினால் டாக்டர் அவளையே வெட்டிவிடுவார். இங்கே என்னடா என்றால் ஏற முடியாதவன் ஏற விரும்பாதவன் ஆகிவிட்டான். அதைவிட எரிச்சல், இருபது பேர் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களை மேம்பாலத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டவள் அவளேதான்!

ஆட்டோ பிடித்து, ஏழடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். சாயங்காலம் காலை நீட்டிக்கொண்டு குழுவில் பேசி அனுப்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு நம்ம ஸ்டாப்பு வரும்போது பெல் அடிங்க. இறங்குங்க. திரும்ப ஏறுங்க. அவ்வளவுதான். பாஸ் இருக்கு, காசு கேக்க மாட்டாங்க. ஸ்டாப்பு போச்சுன்னா நாளைக்கு உங்க கால் வலிக்கும்போது நீங்களும் என்னை மாதிரிதான் நிப்பீங்க."

பதினேழு கட்டைவிரல் வந்தது.

செவ்வாய்க்கிழமை பஸ் வந்தது. பெல் அடிக்கவில்லை. பஸ் அவளைத் தாண்டியபோது ஜன்னலில் வரிசையாகக் கட்டைவிரல் தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கட்டைவிரலையும் காட்டினார். அப்புறம் வந்த பஸ்ஸில் யாரோ இறங்க, அந்தச் சந்தில் தலைவியும் இன்னும் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டார்கள். கணக்கில் மூன்று.

"ஸீட்டை விட்டு எவன் எழுந்திரிப்பான்?" என்றார் அன்று சாயங்காலம் புருஷன், அவள் முழங்காலுக்குச் சுடுதண்ணிப் பையை வைத்துக்கொண்டே. "எழுந்தா பக்கத்துல நிக்கறவன் உட்கார்ந்துடுவான். நானா இருந்தாலும் எழ மாட்டேன்."

"நீங்க வீட்டுலயே எழ மாட்டீங்க!"

போனை எடுத்தாள். இந்தத் தடவை நைச்சியம் இல்லை.

"கட்டைவிரல் காட்டற ஆளுங்களா, அந்த விரலை வெச்சு பெல்லை அமுக்கத் தெரியாதா? ஸீட்டு ஸீட்டுங்கறீங்களே, அந்த ஸீட்டு எங்கருந்து வந்துச்சு? மழையில, சேத்துல, டார்ச் புடிச்சு உங்களைக் கூட்டிட்டுப் போனது யாரு? நான் இன்னைக்கு பெரிய ஆளு ஆகணும்னு கேக்கல. வேலைக்குப் போகணும்னு கேக்கறேன். நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. வந்தா வாங்க, வராட்டி குழுவை விட்டு நான் போயிடறேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பேசலாமா என்று பார்த்தாள். அதற்குள் பாதிப் பேர் கேட்டுவிட்டிருந்தார்கள். ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு கட்டைவிரல் கூட இல்லை.

புதன்கிழமை ஆறு பத்து. பலகை ஒரு நிமிஷம் என்றது. பஸ் திரும்பியது. டிரைவர் ஆட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார்.

பெல்!

ஒன்றல்ல, அடித்த அடியில் பெல் பிய்ந்து விழுந்துவிடும் போலிருந்தது. பஸ் குலுங்கி நின்றது. முதலில் இறங்கியது கண்ணாடிக்கடைக்காரர். பின்னால் சலவைக்கடை அக்கா, அவள் நாத்தனார், பாங்கு வாட்ச்மேன், படையில் இன்னும் பத்துப் பேர். தலைவி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"என்ன பாக்கறீங்க தலைவி, ஏறுங்க!" என்று சலவைக்கடை அக்கா படியில் ஒரு காலை வைத்துக் கதவை மறித்துக்கொண்டாள்.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இறங்கறீங்களா, ஏறறீங்களா? என்ன விளையாட்டு இது, காலங்காத்தால!"

"ரெண்டும்தான்யா! டிக்கெட்டா கேக்கறே? இந்தா பாஸ்!" என்றார் வாட்ச்மேன்.

கணக்கெடுக்கும் அம்மா எழுந்து வந்தார். "இறங்கினவங்களேதானே ஏறறாங்க?"

"அவங்க வீடு இங்கதாம்மா இருக்கு" என்றாள் தலைவி. "இங்க ஏற வேண்டியவங்கதான். ஒரு வருஷமா இங்க ஏற விடல."

அந்த அம்மா அவளை ஒரு தடவை பார்த்தார், கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். கட்டைவிரல் அசைந்தது. டிக், டிக், டிக். பதினாலு பேரும், நின்றிருந்த நாலு பேரும். பதினெட்டு. பழைய மூன்றோடு இருபத்தொன்று. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே தலைவி கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"என் ஸீட்டு போச்சுக்கா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், ஒற்றைக்காலில் நின்றபடி.

"போகட்டும் தம்பி. ஒரு நாள் நின்னா தேய்ஞ்சா போயிடுவீங்க?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நிறுத்தத்தை எடுக்கவில்லை. ஆனால் பஸ் மட்டும் திருந்திவிடுமா? மறுநாளும் அதே கூட்டம், அதே கை. அதனால் குழுவில் முறை போட்டார்கள்: தினம் ஒருவர் பெல் அடித்து இறங்கி, தலைவியையும் மற்றவர்களையும் ஏற்றிவிட்டு ஏற வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் முறை. அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பஸ் தலைவியைத் தாண்டிப் போயிற்று. உள்ளே பத்துக் குரல் அவர் மேல் பாய்ந்தது வெளியே கேட்டது. பெல் அலறியது. நூறடி தள்ளி பஸ் நின்றது. கதவில் அவர் தொங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கக்கா, மெதுவா வாங்க, பிடிச்சு வெச்சிருக்கேன்!" என்று கத்தினார்.

"தூங்குமூஞ்சி! இதுக்காடா உனக்கு முறை குடுத்தோம்! இந்த முட்டியை வெச்சுக்கிட்டு என்னை ஓட விடறியே!"

அந்தச் சிவப்புச் சாயத்தின் மேலே, மற்ற மூவரும் பின்னால் வர, நூறடியும் திட்டிக்கொண்டே நடந்தாள். பஸ் காத்திருந்தது.