பழனிக்கு நேர்ந்த முடி

பிள்ளைகளா, போன வாரம் வீடியோ காலில் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் "யாருக்குப்பா மொட்டை?" என்று கேட்டீர்கள். வெயிலுக்கு என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்து உங்கள் அம்மா முறைத்தாள். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாகல் நகரில் நமக்கு முடி வெட்டுகிற மாமா இறந்த செய்தியை மட்டும் அவர் போன அன்றைக்கே சொல்லியிருந்தேன். நாற்காலியின் கைப்பிடிகள் மேல் பலகையைப் போட்டு உங்களை உட்கார வைப்பாரே, அவர்தான். உங்களுக்கு மாமா, எனக்கு அண்ணன். சின்னவனே, நீ கத்தரியைக் கண்டாலே அழுவாய். "ஏலே அப்பு, காத வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல" என்பார். நீ அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தொட்டுப் பார்ப்பாய்.

கடைப் பலகையில் ஹேர் ஸ்டைலிஸ்ட் என்று எழுதி வைத்திருந்தார். அதற்கு ஏற்ற மாதிரிதான் இருப்பார். சட்டை கசங்காது, மீசையில் ஒரு மயிர் ஏறி இறங்காது. மதியம் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். "செத்த நேரம் பேப்பர் படிங்க. அவ தட்டப் போட்டுட்டு உக்காந்திருப்பா" என்று சொல்லி வீட்டுக்குப் போய், மதினியோடு சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். ஒரே மகள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கல்லூரி முடிகிற வரை அவளுக்குச் சடை போட்டது அவர்தான். கல்யாணத்துக்கும் பியூட்டி பார்லரிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. முகூர்த்த நேரம் வரை மகளுக்குப் பின்னால் நின்று பூ தைத்துக்கொண்டிருந்தார்.

வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியை நம் தலைக்குப் பின்னால் பிடிப்பார். "பின்னாடி சரியா இருக்கா தம்பி?" நாம் சரி என்று சொல்கிற வரை போர்த்திய துணியை எடுக்க மாட்டார். நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அவர் வெட்டியதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தலையை ஆட்டிவிடுவேன்.

மகளுக்கு வெகுநாள் குழந்தை தங்கவில்லை. குழந்தை பிறந்தால் பழனிக்கு முடி தருவதாக நேர்ந்துகொண்டு, அன்றிலிருந்து தன் தலையிலும் தாடியிலும் கத்தி படவிடாமல் இருந்தார். சாமிக்கு நேர்ந்த முடியை நுனி கூட வெட்டக் கூடாதில்லையா. கடைக்குள் எட்டிப் பார்க்கிற புது ஆட்கள், தோள் வரை முடியும் நெஞ்சு வரை தாடியுமாக நிற்கிறவரைக் கண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பழகினவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் வெட்டுறீக. ஒங்களுக்கு வெட்ட ஆள் கெடைக்கலயா?"

"எனக்கு வெட்டுற ஆளு மலை மேல நிக்காருப்பா. அவரு கூப்பிடட்டும்."

முருகன் கூப்பிட்டார். பேத்தி பிறந்தாள். அந்த வாரமே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் அவருக்கு வேறு ஓர் ஆசை வந்துவிட்டது. குழந்தைக்கு முதல் மொட்டை தாய்மாமன் மடியில் வைத்துத்தான் போடுவார்கள். மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. "அந்த மடி நாந்தான தம்பி? பிள்ளைக்குக் கழுத்து நிக்கட்டும். மொதல்ல அவளுக்கு, அடுத்து எனக்கு. ஒண்ணாவே இறக்கிருவோம்" என்றார். குழந்தைக்குக் கழுத்து நின்றது. பிறகு சளி பிடித்தது. பிறகு கல்யாண மாதம் வந்தது, கடையை விட முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானும் சரிதான் என்றே நினைத்தேன். யாருக்குத்தான் வேறு மாதிரி நினைக்கத் தோன்றும்?

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் முகம் மழிக்க, அவரோடு தொழில் பழகிய பக்கத்துத் தெருக் கடைக்காரர் வந்தார். கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டு கிட்டே உட்கார்ந்தார். மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்காதீக அண்ணே. அது நேந்த முடி."

அவர் கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு வாசலில் போய் அழுதார். கடையில் ஒருத்தரையும் காதோரம் பிசிறோடு அனுப்பாத மனுஷன், வளர்ந்த முடியும் தாடியுமாகத்தான் போனார். மதினிதான் சீப்பு கொண்டுவரச் சொல்லி, சிக்கெடுத்துச் சீவிவிட்டார்.

பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் மதினி என்னிடம் சொன்னது இதுதான்: "சாமிக்குச் சொன்னது தீயில போயிருச்சே தம்பி. எங்க வீட்ல யாரும் ஒரு வருசத்துக்கு மலையேறக் கூடாது. அம்புட்டு நாளு இது என் நெஞ்சுலயே கெடக்குமே."

ரத்த உறவு இல்லாததால் எனக்கு அந்தத் தீட்டு கிடையாது. அண்ணன் போனபின் வேறு கடைக்குப் போக மனமில்லாமல் என் தலையிலும் முடி வளர்ந்துதான் கிடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பழனி பஸ் ஏறினேன்.

முடிக் கொட்டகையில் என் தலையை நனைத்த ஆள், "ஏனுங்க, உங்க வேண்டுதலுங்களா?" என்று கேட்டார்.

"இல்லங்க. எங்க அண்ணனுது."

அவர் தலையாட்டிவிட்டுக் கத்தியை வைத்தார்.

திரும்பி வந்ததும் மதினி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் தலையைப் பார்த்தார். "சந்தனம் காஞ்சு போச்சு. உள்ள வாங்க, காப்பி போடுறேன்" என்றார். அவர் நெஞ்சு லேசானதா என்று நான் கேட்கவில்லை. போக வேண்டிய முடி அண்ணனுடையது, போனது என்னுடையது. சாமி இதை ஏற்றுக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. பேத்தியை மடியில் வைத்து உட்கார ஆசைப்பட்டாரே, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வீட்டில் உங்கள் அம்மா இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, என் தலையின் பின்பக்கத்தை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை நிதானமாகப் பார்த்தேன். பிறகு, "சரியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன்.