தலை பெருத்த எஸ்

பதனிட்ட தோலின் வாலடியில் விரலை வைத்துத் தடவினால் எழுத்துகள் குழிகுழியாகத் தட்டுப்படும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு எழுத்து என்பது கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்த சங்கதி. ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தை "ஷாப்பு" என்போம். ஷாப்பிலிருந்து கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு தோலிலும் முதலாளி பெயரை இங்கிலீஷில் குத்துவார்கள், அது "மார்க்கா". அந்த மார்க்காவுக்கான இரும்பு அச்சுகளை அரத்தால் ராவி ராவி உண்டாக்கியவர் என் நைனா. இங்கிலீஷில் ஒரு எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது.

நைனாவின் எழுத்துகள் ஒல்லியாக நெருங்கி நிற்கும், முனைகளெல்லாம் விரல்நுனி போல உருண்டிருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல. எழுத்துக்காக நல்ல தோலை வீணாக்க மாட்டார்கள். வாலடியில் நாலு விரல் இடம்தான் கொடுப்பார்கள், மொத்தப் பெயரும் அதற்குள் ஒடுங்க வேண்டும். முனை கூராக இருந்தால் சுத்தியல் விழுந்த இடத்திலேயே தோல் பிளந்து, காயக்காய விரிசல் ஓடும். "மூலை வெச்சா தோலு வாயத் தொறந்துடும்" என்பார். எவ்வளவு ஒடுக்கினாலும் எழுத்தின் வயிற்றுக்குள் கொஞ்சம் வெளி விட்டிருப்பார், இல்லாவிட்டால் தோல் சுருங்கும்போது அடைத்துக்கொள்ளும். அதே எழுத்தைத் தகரத்திலும் வெட்டிக் கொடுப்பார்; அதை வைத்துக் கப்பல் மூட்டை மேலும் தீயணைக்கிற மணல் வாளி மேலும் மை பூசுவார்கள்.

ஒரே ஒரு பிசகு. அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அப்படித் திருப்பியதில் எஸ் மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. எஸ்ஸைக் கவிழ்த்தாலும் எஸ்தான் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. மேல் வயிறு பெருத்து, கீழ் வயிறு சிறுத்து நின்றதைக் கணக்கப்பிள்ளைதான் கண்டுபிடித்தார்.

"யோவ் முனுசாமி, உன் எஸ்ஸு தலைகீழா நிக்குதுய்யா. கீழதான்யா பெருசா இருக்கணும்."

"வாங்குறவன் வேணும்னா தலைகீழா நின்னு பாத்துக்கட்டும்" என்றார் நைனா. திருத்தவே இல்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஷாப்பில் வேலை வாங்குகிற மிஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் நைனாவை அறைந்துவிட்டார். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நைனா வீட்டுக்கு வந்து, அரங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். அதன்பின் இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. அம்மா பல ஷாப்புகளின் துண்டுத் தோலை மூட்டையாக வாங்கிவந்து தரம் பிரிப்பாள். என்னோடு விளையாட வருகிறவர்களுக்கு அந்த நாற்றம் ஆகாது, அதனால் நானும் மூட்டைகளுமாக இருப்போம். மார்க்கா விழுந்த துண்டை ஒதுக்குவது என் வேலை.

அப்படி ஒதுக்கும்போதுதான் பக்கத்து ஊரான பேர்ணாம்பட்டு ஷாப்பிலிருந்து வந்த மூட்டையில் ஒரு துண்டு விரலில் தட்டுப்பட்டது. ஒல்லி எழுத்து, உருண்ட முனை, தலை பெருத்த எஸ்.

"இன்னாடி பேஜார் பண்ற? எவனாவது அச்சைத் தலைகீழா புடிச்சு அடிச்சிருப்பான்" என்றாள் அம்மா. ஆனால் அந்த மூட்டையை முழுக்கக் கொட்டிப் பார்த்தாள். இன்னும் மூன்று துண்டுகளில் அதே எஸ் இருந்தது. மறுநாள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பேர்ணாம்பட்டு ஷாப்பு வாசலில் கேட்டதும் நைனாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரும்புத்தூள் ஒட்டிய கையோடு வந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"நான் இங்க இருக்கேன்னு எவன் சொன்னான்?"

"நீ வெட்டின எழுத்து சொல்லுச்சு" என்றாள் அம்மா.

நான் பெருமை தாங்காமல், "எஸ்ஸு தலைகீழா இருந்துது நைனா, அதை வெச்சு நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அடி வாங்கின ஊருக்கு எந்த மூஞ்ச வெச்சுக்கினு வர்றது? நீங்க இங்க வந்துடுங்க."

"மூஞ்சி உனக்கு மட்டும்தான் இருக்குதா? ரெண்டு வருஷமா தெருவுல கேக்குறவனுக்கெல்லாம் பதில் சொன்னேனே, அது யார் மூஞ்சி? வர்றதா இருந்தா இப்பவே எங்ககூட பஸ் ஏறு."

அவர் ஏறுவதாக இல்லை. என் பக்கம் கையை நீட்டி, "நீயாவது இருக்கியா பாப்பா?" என்று கேட்டார். இருக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறவரிடம் உடனே சரி என்பதா என்று ஒரு வீம்பு; இன்னொரு தடவை கேட்கட்டும் என்று "மாட்டேன்" என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

பேர்ணாம்பட்டு மூட்டைகள் அதற்குப் பிறகும் வந்தன. சில மாதங்களில் அதே ஒல்லி எழுத்து, அதே உருண்ட முனை, ஆனால் எஸ் மட்டும் நேராகிவிட்டது. மேலே சிறுத்து, கீழே பெருத்து, எல்லா ஊர் எஸ்ஸையும் போல. அம்மாவும் பார்த்தாள். அதுவரை பொழுது சாய்ந்தால் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்த அவள் முகம் அதற்குப் பிறகு திரும்பவில்லை.

இப்போது அந்தப் பேர்ணாம்பட்டு ஷாப்பு இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகிற என் மருமகள் கொண்டுவரும் துண்டுகளில் இன்றும் ஒல்லியான, முனை உருண்ட எழுத்துதான். கம்ப்யூட்டர் போட்டது, ஆள் யாரென்று சொல்லாது. கணக்கப்பிள்ளை சொல்லியும் திருத்தாததை நைனா எதற்காகத் திருத்தினார்? மகள் சொல்லிவிட்டாளே என்றா, நாங்கள் மறுபடி தேடி வந்துவிடக் கூடாது என்றா? வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறேன். சில நாள் ஒன்று தோன்றும், சில நாள் மற்றது.